சுவரோடு ஒட்டிய நிலைக்கண்ணாடி

நூல் விலை, ரகத்தின் தரம், கடன் தவணை, மஞ்சள் விற்பனை முதலிய விஷயங்கள் பேசப்படும் இந்தப் பக்கங்களில், வீட்டுச் சுவரில் ஒட்டிய நிலைக்கண்ணாடியைப் பற்றி எழுதப் புகுவது அங்கத்தினர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அப்படிப்பட்ட ஒரு கண்ணாடியால் ஒரு நெசவாளரின் வலக்கை மூன்று வாரம் கட்டுண்டு கிடந்ததையும், ஒரு புதிய தறி இரண்டு மாதம் திண்ணையில் வெறும் மரங்களாகக் கிடந்ததையும் நேரில் கண்டவன் நான். அதை எழுதாமல் விடுவது தகாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2023-ம் ஆண்டு ஆனி மாதக் கடைசியில், ஈரோடு மாவட்டத்தில் போர்வை நெய்யும் சங்கம் ஒன்றுக்கு ஆய்வு நிமித்தமாகச் சென்றிருந்தேன். தறிகளைப் பார்வையிட்டு வரும்போது, ஐம்பது வயதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் வலக்கை முழுதும் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புதிய தறிக்குரிய மரச்சாமான்கள் சாக்கினால் மூடி வைக்கப்பட்டிருந்தன. உள்ளே சங்கம் கொடுத்த பாவு பழைய தறியில் பாதியில் நின்றது.

விசாரித்ததில் தெரிய வந்தது இது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்த அவர் மகன், ஊருக்குத் திரும்பித் தகப்பனாரின் தொழிலையே செய்ய இசைந்திருந்தான். இந்நாளில் இது எளிதில் வாய்க்கும் காரியம் அன்று என்பதை நெசவாளர் யாவரும் அறிவர். அவனுக்காக வீட்டின் முன்னறையில் ஒரு தறி போட ஏற்பாடாயிற்று. அந்த அறை ஆறு ஆண்டுகள் ஒரு தையற்காரருக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. அவர் துணி போட்டுப் பார்ப்பவர்களுக்காக, 6 அடி உயரமும் 4 அடி அகலமும் உள்ள நிலைக்கண்ணாடி ஒன்றைச் சுவரிலேயே ஒட்டியிருந்தார். காலி செய்தபோது தையல் இயந்திரத்தை எடுத்துச் சென்றார்; கண்ணாடியை எடுக்க முடியாமல் விட்டுச் சென்றார்.

தறிக்குழி தோண்டும்போதும், பிறகு நாள் முழுதும் அச்சு அடிக்கும்போதும் சுவர் அதிரும். கண்ணாடி அங்கே இருத்தல் ஆகாது. இதை நன்கு உணர்ந்த நெசவாளர், கண்ணாடிக் கடைக்காரர் கழற்றித்தரக் கேட்ட 800 ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி, ஒரு மாலைப் பொழுதில் தனியாகவே வேலையைத் தொடங்கினார். கீழ்மூலையில் திருப்புளியை நுழைத்து நெம்பினார். "டக்" என்ற ஓசையோடு விரிசல் ஒன்று கீழிருந்து சாய்வாக ஏறி வலப்புற ஓரத்தைத் தொட்டது. அதிலிருந்து ஒரு கிளை மேற்புறம் ஓடியது. கீழ்மூலையில் இருந்த முக்கோணத் துண்டு பெயர்ந்து விழுந்தது.

"விழுகிறதே என்று கை தானாகப் போய்விட்டதுங்க, சார்," என்றார் அவர். கட்டைவிரலின் அடிச்சதையில் ஏழு தையல். நரம்பும் தசைநாணும் தப்பியது அவருடைய நல்ல காலம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கூடாமல் அறுந்த இழையைப் பிணைக்க முடியாது. மகனுக்கு இன்னும் கை படியவில்லை. மூன்று வாரக் கூலியும் பாதிப் பாவும் நின்றன. 800 ரூபாய் மிச்சத்துக்கு நேர்ந்த நஷ்டக் கணக்கு இதுதான்.

உடைந்த கண்ணாடியின் பெரும்பகுதி சுவரிலேயே நின்றது. அவர் மனைவி முன்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "கை மிஞ்சியதே போதுமுங்க. இனி அந்த அறைப்பக்கமே போக வேண்டாம்," என்பது அந்த அம்மையாரின் தீர்ப்பு. திருப்பூரிலிருந்து மகனுக்குத் தொலைபேசி அழைப்புகள் மறுபடியும் வரத் தொடங்கியிருந்தன. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அழைப்பு வரும்போதெல்லாம் தெருக்கோடிக்குச் சென்று பேசிவிட்டு வந்தான். அந்த அறை திறக்கப்படாவிட்டால் ஆவணியில் தறி போடுவது நடவாது. தறி போடாவிட்டால் அவன் தங்கமாட்டான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கண்ணாடி ஏன் உடைந்தது?

நான் பெருந்துறையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இந்த விஷயத்தைச் சொன்னேன். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். அவர் வந்து பார்த்துவிட்டு, நெசவாளரிடம் சொன்ன முதல் வார்த்தை இது: "கண்ணாடியை இழுக்கக் கூடாது தம்பி. பசையைத்தான் அறுக்கணும்." இக்கட்டுரையின் சாரமும் இதுவே.

முற்காலத்தில் நிலைக்கண்ணாடிக்குத் தேக்குச் சட்டமிட்டு ஆணியில் மாட்டினார்கள். வேண்டாதபோது தூக்கி எடுத்துவிடலாம். உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளமான பலகைகளாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனியார் 1959-ல் உலகுக்கு அறிவித்தனர். அது பரவிய பின் பெரிய கண்ணாடிகள் மலிந்தன. சட்டமில்லாமல் சுவரிலேயே ஒட்டும் வழக்கமும் வந்தது. ஒட்டுவது அரைமணி வேலை. கழற்றுவதோ அப்படியன்று.

கண்ணாடியின் பின்புறத்தை நாம் இன்றும் "ரசம்" என்கிறோம். முன்பு வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் கலந்து பூசியதால் வந்த பெயர் அது. ஜெர்மானிய ரசாயன அறிஞர் லீபிக் 1835-ல் வெள்ளி படியச் செய்யும் முறையைக் கண்டபின் பாதரசம் படிப்படியாக விலகியது. இன்று பின்புறத்தில் உள்ளது மிக மெல்லிய வெள்ளிப் படலமும், அதைக் காக்கும் வர்ணப் பூச்சுமே. எனவே பசை உண்மையில் கண்ணாடியைப் பற்றுவதில்லை. அந்த வர்ணத்தைப் பற்றுகிறது. வர்ணம் வெள்ளியைப் பற்றுகிறது. மறுபக்கத்தில் பசை சுவர் வர்ணத்தையும், அது சிமெண்டுப் பூச்சையும், பூச்சு செங்கல்லையும் பற்றி நிற்கின்றன. ஒரு கடனுக்குப் பல ஜாமீன்தாரர்கள் கையெழுத்திட்டாற்போல் இவை வரிசையாக நிற்கின்றன. ஆனால் கடனில் ஒருவர் தவறினால் மற்றவரைக் கேட்கலாம். இங்கே ஒருவர் தவறினால் எல்லாம் விழும். சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு பொருமியிருந்தால், கண்ணாடி எவரும் தொடாமலே ஓர் இரவில் விழுந்துவிடக் கூடும்.

பசையைச் சுவர் முழுதும் பூசுவதில்லை. ஐந்தாறு இடங்களில் திட்டுத்திட்டாக வைத்து அழுத்துவார்கள். திட்டுகளுக்கு நடுவே கண்ணாடி காற்றில் நிற்கிறது. ஓரத்தை நெம்பினால், அருகிலுள்ள திட்டில் கண்ணாடி பிடிபட்டிருக்க, நுனி வளைகிறது. கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு பொளிவு இருந்தாலும் போதும், விரிசல் அங்கே பிறந்து கணத்தில் மறுகோடிக்கு ஓடிவிடும். நெசவாளரின் கையில் வலிமை குறைவாக இருந்ததால் அது உடையவில்லை. வலிமையைத் தவறான இடத்தில் செலுத்தியதால் உடைந்தது.

எடையின் கணக்கு

வேலையில் இறங்குமுன் எடையைக் கணக்கிட வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் கனமும் உள்ள கண்ணாடி இரண்டரை கிலோ நிற்கும். 5 மில்லிமீட்டர்க் கண்ணாடி என்றால் சதுர அடிக்கு ஏறக்குறைய 1.16 கிலோ. மேற்சொன்ன நிலைக்கண்ணாடி 24 சதுர அடி. ஆக 28 கிலோ. ஒரு சிப்பம் அரிசிக்கும் அதிகம். அரிசிச் சிப்பத்தைத் தோளில் ஏற்றலாம், கை வழுக்கினால் கீழே போடலாம். கண்ணாடிக்குப் பிடியும் இல்லை, போடவும் முடியாது.

மேலும், சுவர்களில் ஒட்டப்படுபவை பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடிகளே. பேருந்தின் பக்க ஜன்னல்களில் உள்ள பதப்படுத்திய கண்ணாடி உடைந்தால் கற்கண்டுபோல் சிறு துண்டுகளாக உதிரும். சாதாரணக் கண்ணாடியோ நீண்ட கத்திகளாகப் பிளக்கும். ஆகையால் தனி ஆளாகத் தொடங்காதிருப்பது முதல் விதி. விழும் கண்ணாடியைப் பிடிக்க முயலாதிருப்பது இரண்டாம் விதி. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, காலையும் விலக்கி, விழுவதை விழ விட வேண்டும். கண்ணாடிக்கு விலை உண்டு. நெசவாளன் கைக்கு விலை இல்லை.

கழற்றத்தான் வேண்டுமா?

கண்ணாடி பழுதின்றி உறுதியாக நின்றால், நான்கு புறமும் மரச்சட்டம் அடித்து அழகுபடுத்தி அங்கேயே விட்டுவிடுவது பல வீடுகளுக்குப் போதும். ஓரம் அசைந்தாலும், பின்னே ஓதம் கண்டாலும், விரிசல் விழுந்தாலும், குழந்தைகள் விளையாடும் இடமானாலும், நம் நண்பர் வீட்டைப்போல் சுவர் அதிரும் வேலை நடப்பதானாலும் கழற்றிவிடுவதே சரி. வாடகை வீடாயின் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். சுவர்ப்பூச்சு சிறிதாவது பெயராமல் இருப்பது அரிது. கழற்றிய கண்ணாடியை வேறிடத்தில் மாட்டலாம் என்று பெரிதும் நம்பவேண்டாம். பசை வரும்போது பின்புற வெள்ளியும் உடன் உரிந்து, முகத்தில் கரும்புள்ளிகள் விழுவது சகஜம். இந்த ஆசையை முதலிலேயே விட்டவர்களே பெரும்பாலும் காயமின்றிக் கழற்றுகிறார்கள்.

ஆயத்தம்

ஆடி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாள் குறிக்கப்பட்டது. நெசவாளரின் மகன், பக்கத்து வீட்டு நெசவாளர் ஒருவர், மஞ்சள் பயிரிடும் அங்கத்தினர் ஒருவர், நான் ஆகிய நால்வரும், கடைக்காரப் பெரியவரும் கூடினோம். வீட்டுக்காரர் கைத் தையல் பிரிக்கப்பட்டிருந்தாலும், கண்ணாடியைத் தொடுவதில்லை என்று மனைவிக்கு வாக்களித்த பிறகே சாவி கிடைத்தது.

வேண்டிய சாமான்கள் யாவும் கிராமத்திலேயே கிடைப்பவை. தடித்த தோல் கையுறைகள், வெல்டிங் பட்டறையில் சாணை பிடிப்போர் அணியும் வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி, மூடிய காலணி, முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, தார்ப்பாய் ஒன்று, பழைய ஜமக்காளங்கள் இரண்டு, சாக்குகள், அகன்ற ஒட்டு நாடா, மெல்லிய மர ஆப்புகள் பத்து, வர்ணம் பூசுவோர் பட்டி தேய்க்கும் தகடு, டார்ச் விளக்கு. முக்கியமான கருவி, சைக்கிள் பிரேக்கின் உள்கம்பி. பல இழைகளை முறுக்கிச் செய்த கம்பியாதலால் அது அரம்போல் பசையை அறுக்கும். கட்டுக்கம்பி உதவாது, சூடேறி அறுந்துவிடும். கம்பி கண்ணாடியின் அகலத்தைவிட 3 அடியாவது நீளமாக இருக்கவேண்டும். ஒரு கம்பியின் நீளம் போதாவிட்டால், நீளமான கம்பியைச் சைக்கிள் கடையில் கேட்டு வாங்க வேண்டுமே தவிர முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு இடுக்கில் சிக்கும். இரு நுனியிலும் சாண் அளவு மரக்கட்டைகளைக் கைப்பிடியாகக் கட்டினோம்.

அறையிலிருந்த சாமான்களை வெளியேற்றி, குழந்தைகளை அடுத்த தெருவுக்கு அனுப்பினோம். மின்விசிறியை நிறுத்தினோம். கண்ணாடியை ஒட்டி மின்பலகை இருந்ததால், அந்த அறையின் மின்சாரத்தையும் மெயினில் அணைத்தோம். கம்பி சுவரோரமாகச் செல்லும்போது இது மிக அவசியம். திருகாணியோ பிடிப்பான்களோ உள்ளனவா என்றும் ஓரங்களைச் சோதித்தோம். சில கண்ணாடிகளில் அலங்கார மூடிக்குள் திருகாணி மறைந்திருக்கும். அடியில் உலோகத் தாங்கி இருக்கும். இருந்தால் மேலே உள்ளவற்றை முதலிலும், அடித்தாங்கியைக் கண்ணாடியை இறக்கிய பின்னும் கழற்ற வேண்டும்.

அதற்கு முதல்நாளே ஒரு வேலை முடிந்திருந்தது. பெரியவர் விரிசல்களின் குறுக்கே, அழுத்தாமல், நாடாவை ஒட்டச் சொன்னார். வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, பாவுக்குப் போடும் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, பழைய வேட்டியை இதன்மேல் ஒட்டிவிட்டால் என்ன?" என்று கேட்டார். பெரியவர் சற்று யோசித்து, "செய்யலாம் தம்பி. இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லையே," என்றார். இது புதுமையும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்து மக்கள், குண்டு வெடிப்பில் ஜன்னற் கண்ணாடிகள் சிதறாமலிருக்கக் காகிதப் பட்டைகளையும் வலைத்துணியையும் பசையிட்டு ஒட்டியதுண்டு. தூரிகையால் மெதுவாகக் கஞ்சி தடவி, வேட்டியைப் பதித்துக் காயவிட்டோம். காலையில் அது தோல்போல் இறுகியிருந்தது.

பசையை அறுத்தல்

கண்ணாடியின் அடிவிளிம்பு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருந்தது. முதலில் அதன் கீழே பலகைகளை அடுக்கி, மேலே மடித்த ஜமக்காளத்தை வைத்து, விளிம்பு அதன்மேல் பதியுமாறு ஆப்பால் நெருக்கினோம். பசை அறுந்த கணத்தில் 28 கிலோ நேராகக் கீழிறங்காமல் தாங்குவது இதுவே. பலர் மறந்துவிடும் காரியமும் இதுவே.

பிறகு பெரியவர் டார்ச்சை ஓரத்தில் சுவரோடு ஒட்டிப் பிடித்து உள்ளே பார்த்தார். பசைத் திட்டுகள் நிழலாகத் தெரிந்தன. அவற்றின் இடங்களை வேட்டியின்மேல் சாக்கட்டியால் குறித்தார். பசை மூன்று வகைப்படும். ரப்பர்போல் அமுங்குவது சிலிக்கான். வெப்பக்காற்றுக்கு இளகாது, கம்பியால் அறுக்கவே வேண்டும். பழுப்பாக இறுகியிருப்பது தாரைப்போன்ற பழைய பசை; தலைமுடி உலர்த்தும் வெப்பக்காற்றுக் கருவியால் சூடு காட்டினால் இளகும். நுரை நாடாவும் சூட்டுக்கு இளகும். கம்பிக்கும் எளிதில் அறுபடும். சூடு காட்டும்போது ஒரே இடத்தில் நிறுத்தாமல் கருவியை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடியின் ஒரு பகுதி மற்றொன்றைவிட 40 டிகிரி அளவு சூடேறினாலே அது வெடிக்கக் கூடும். ஊதுவிளக்கைப் பயன்படுத்தவே கூடாது. நம் கண்ணாடியில் இருந்தது சிலிக்கான்.

இனி வேலை தொடங்கிற்று. விரிசல்களால் கண்ணாடி மூன்று பகுதிகளாக நின்றது. மேலே உள்ளதை முதலில் எடுக்க வேண்டும். கீழ்த்துண்டை முதலில் பிடுங்கினால் மேல்துண்டு தலையில் இறங்கும். மகனும் பக்கத்து வீட்டு நெசவாளரும் இரு பக்கமும் உயரமான முக்காலிகளில் நின்று, மேல்விளிம்பின் பின்னே கம்பியைச் செலுத்தினார்கள். இருவரும் கண்ணாடிக்கு நேரெதிரே நில்லாமல் பக்கவாட்டிலேயே நின்றனர். "நீ இழு மாமா, இப்ப நான்" என்று மகன் சொல்ல, இருவரும் மாறிமாறி இழுத்தனர். தறியில் நாடா போய் வருகிற அதே ஒழுங்கு சிறிது நேரத்தில் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. கம்பி கண்ணாடியை உராயாமல் சுவர்ப்பக்கமாகவே சாய்ந்து செல்லவேண்டும். சோப்புத் தண்ணீரை இடுக்கில் சிறிது விட்டால் சிலிக்கான் வழுக்கிக் கொடுக்கும். அறுபட்ட இடங்களில் மர ஆப்பை விரலால் மட்டும் செருகினோம். சுத்தியலுக்கு அன்று வேலையில்லை.

மூன்றாவது திட்டை அறுக்கும்போது மறுபடியும் அந்த "டக்" ஓசை கேட்டது. வாசற்படியில் நின்ற வீட்டுக்கார அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடியில் மற்றொரு விரிசல் விழுந்திருந்தது. ஆனால் ஒரு சில்லுகூடக் கீழே விழவில்லை. கஞ்சியிட்ட வேட்டி அத்தனையையும் பிடித்து நிறுத்தியிருந்தது. பெரியவர், "நிறுத்துங்க, மூச்சு வாங்கிக்குங்க," என்றார். ஐந்து நிமிடம் கழித்து வேலை மறுபடி தொடங்கியது.

கடைசித் திட்டு அறுபடும் தறுவாயில், மஞ்சள்காரரும் நானும் கையுறையிட்ட உள்ளங்கைகளைக் கண்ணாடியின் இரு ஓரங்களில் பதித்து, முன்னே சாயாமல் தாங்கினோம். மேல்துண்டு விடுபட்டதும், விரிசல் நெடுக வேட்டியைக் கத்தியால் கீறி, துண்டை இறக்கினோம். அடுத்து நடுப்பகுதி, பிறகு கீழ்ப்பகுதி. மொத்தம் மூன்று மணி நேரம் சென்றது. இரத்தம் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

விரிசலில்லாத முழுக் கண்ணாடிக்கும் முறை இதுவே. அதை எடுத்துச் செல்லும்போது படுக்கவைத்துத் தூக்கக் கூடாது. தன் எடையாலேயே நடுவில் முறியும். செங்குத்தாக, ஓரத்தில் நிற்குமாறு, இருவர் இரு பக்கமும் பிடித்து நடக்க வேண்டும். அக்குளில் இடுக்குவதோ தலைக்குமேல் தூக்குவதோ ஆகாது. மணிக்கட்டும் கழுத்தும் உள்ள இடங்கள் அவை. வைக்குமிடத்தில் ஜமக்காளம் விரித்து, சற்றே சாய்த்து நிறுத்த வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர்களிடம் காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்ப் பிடிகள் உண்டு. அவை சுத்தமான முழுக் கண்ணாடிக்கே ஏற்றவை. விரிசல் விழுந்ததற்கும் துணியொட்டியதற்கும் உதவா.

உடைசலும் சுவரும்

இறக்கிய துண்டுகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, யாரோ எருக்குழியைச் சுட்டினார்கள். மஞ்சள்காரர் உடனே மறுத்துவிட்டார். "அந்தக் குழி எரு தை மாதம் யாருடைய காட்டுக்குப் போகும்? அங்கே வெறுங்காலோடு களை எடுப்பவர்கள் யார்?" என்று கேட்டார். பதில் சொல்ல எவருக்கும் வாய் எழவில்லை. எருக்குழியில் இட்ட கண்ணாடி மக்குவதில்லை. பல ஆண்டு கழித்தும் ஒருவர் பாதத்தையோ ஒரு மாட்டின் குளம்பையோ அது தேடிப் பிடிக்கும். விவசாய அங்கத்தினர்கள் இதை மறக்கலாகாது.

துண்டுகளை வேட்டியோடு சேர்த்து இரட்டைச் சாக்கில் கட்டி, "உடைந்த கண்ணாடி" என்று பெரிய எழுத்தில் எழுதி, தூய்மைப் பணியாளரிடம் வாயால் சொல்லியும் ஒப்படைத்தோம். சாக்கை அவர் கையால் அமுக்கித் தூக்கும் ஆள். அவர் கையும் கைதான். ரசம் பூசிய கண்ணாடியைப் பாட்டில் உடைசலோடு கலக்கக் கூடாது. இரண்டும் ஒரே உலையில் உருக்குவதற்கு ஏற்றவை அல்ல. தரையை முதலில் துடைப்பத்தாலும், பிறகு ஈரத்துணியாலும் துடைத்து, அந்தத் துணியையும் சாக்கிலேயே போட்டோம். விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்துப் பார்த்தால் எஞ்சிய சில்லுகள் மின்னும்.

சுவரில் எஞ்சிய சிலிக்கானைப் பட்டித் தகட்டால் சீவி எடுக்க வேண்டும். சிலிக்கான் ஒட்டியிருக்கும் இடத்தில் வர்ணம் பிடிக்காது. ஆகவே பசையோடு மேற்பூச்சையும் சிறிது சுரண்டிவிடுவது உத்தமம். ஆழமாகப் பெயர்ந்த இடத்தைச் சிமெண்டுக் கலவையால் அடைத்து, ஒரு வாரம் நனைத்து, நன்கு உலர்ந்தபின் பட்டி தேய்த்து வர்ணம் அடிக்கலாம். ஓதம் தெரிந்தால் அதன் காரணத்தை முதலில் களைய வேண்டும்.

கையில் வெட்டுப்பட்டால்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் விபத்து நேரிடலாம். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை இதயத்துக்கு மேலே உயர்த்த வேண்டும். ஆழமாகக் குத்தி நிற்கும் கண்ணாடியைப் பிடுங்கக் கூடாது. அதைச் சுற்றி அழுத்திக் கட்டி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள் தூளும் காப்பித் தூளும் வைப்பது காயத்தை அழுக்காக்குமே தவிர ஆற்றாது. விரல் மடங்கவோ நிமிரவோ மறுத்தால் தசைநாண் அறுந்திருக்கலாம். நுனி மரத்துப்போனால் நரம்பு. இரண்டும் அன்றைக்கே டாக்டர் பார்க்கவேண்டியவை. தசைநாணைத் தைத்த பிறகு கனமான வேலைக்குக் கை திரும்ப மூன்று மாதம் ஆகும். ரணஜன்னித் தடுப்பு ஊசியும் டாக்டர் சொற்படி போட்டுக்கொள்ள வேண்டும். 

முடிவாக

கம்பி, கையுறைகள், பாதுகாப்புக் கண்ணாடிகள் ஆகியவை இன்று அந்தச் சங்கக் கட்டடத்தில் ஒரு மரப்பெட்டியில் உள்ளன. இது சங்க நிதியில் வாங்கியது அன்று. துணை விதிகள் அதற்கு இடம் தரா. அன்று கூடிய நால்வரும் கைப்பணம் போட்டு வாங்கியது. எடுப்பவர் பெயரும் திருப்பும் தேதியும் ஒரு நோட்டில் எழுதப்படுகின்றன. அந்த நோட்டை நான் ஆய்வு செய்வதில்லையாயினும், போகும்போதெல்லாம் புரட்டிப் பார்ப்பதுண்டு.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் முன்னறையில் தறிக்குழி தோண்டப்பட்டது. கண்ணாடி இருந்த சுவரில் வர்ணம் இன்னும் இரண்டு நிறமாகவே தெரிகிறது. அடுத்த முறை நான் சென்றபோது தகப்பனார் உள்ளே பழைய தறியிலும், மகன் முன்னறையில் புதிய தறியிலும் உட்கார்ந்திருந்தனர். மகன் அறுந்த இழையைப் பிணைக்கத் தடுமாறியபோது, தகப்பனார் எழுந்து வந்து, தழும்பு விழுந்த கையால் பிணைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக் காரியம் என்பதற்காகத் தனியாகச் செய்யவேண்டும் என்பதில்லை. கண்ணாடியை இழுக்காமல் பசையை அறுங்கள். தனியாக இறங்காமல் நாலு பேரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் வருவதற்காகத்தானே நாம் சங்கமாகச் சேர்ந்திருக்கிறோம்.